புதுப்பிப்பு: ஆண் ஃபைட்டர் மீன் முட்டைகளைத் தின்கிறதா?

நீர்மட்டத்தில் குமிழிகளால் கட்டிய நுரைக்கூட்டிலிருந்து விழும் முட்டைகளை ஆண் ஃபைட்டர் வாயில் கவ்வுகிறதே, தின்கிறதா, அதைப் பிரித்துவிடலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "பெண்ணை மட்டும் எடுங்க, ஆணைத் தொடாதீங்க, தொட்டியைச் சுற்றிப் பேப்பர் ஒட்டுங்க" என்று ஒரு அண்ணன் சொன்னதுதான் பலித்தது. ஆள் நடமாட்டம் தெரிந்து மிரண்டால்தான் பெரும்பாலும் முட்டைகளைத் தின்னுமாம். மற்றபடி விழுந்ததைப் பொறுக்கிக் கூட்டிலேயே துப்பிவிடுகிறது.

முட்டைகள் 48 மணி நேரத்துக்குள் பொரிந்தன. குஞ்சுகள் வால் கீழே தொங்கக் கூட்டில் ஒட்டியிருந்தன. எதிர்பாராதது என்னவென்றால், அப்பா மறுமூலையில் புதுக்கூடு கட்டி எல்லாவற்றையும் வாயிலேயே இடம் மாற்றியது! அந்தப் பொறுமை நமக்கு வராது.

குஞ்சுகள் கிடைமட்டமாக நீந்தத் தொடங்கியதும் ஆணை எடுத்துவிட்டேன். அதற்கு மேல் விட்டால் இரையாகிவிடலாம். முதலில் இன்ஃபுசோரியா (நீரில் வாழும் நுண்ணுயிர்கள்), அப்புறம் முட்டையிலிருந்து புதிதாகப் பொரிந்த ஆர்ட்டீமியா (உப்புநீர் இறால் வகை) குஞ்சுகள் கொடுக்கிறேன். மூடியைத் திறப்பதே இல்லை என்று சொல்லலாம். ஏனென்றால், குஞ்சுகளுக்குக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உருவாக 3, 4 வாரம் ஆகும், அதுவரை நீர்மட்டத்துக்கு மேலுள்ள காற்று வெதுவெதுப்பாக, ஈரமாக இருக்க வேண்டும்.