தண்ணீர் டம்ளருக்குப் பின்னால் அம்புக்குறி திரும்ப மாட்டேங்குது, அவசரம்

கானாடுகாத்தான்_டியூஷன்
வணக்கம். நாளைக்குச் சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஒளிவிலகல் (தண்ணி, கண்ணாடிக்குள்ள போறப்ப ஒளி வளையுறது) காட்டணும். காகிதத்தில் அம்புக்குறி வரைஞ்சு அதுக்கு முன்னாடி தண்ணி நிறைச்ச டம்ளரை வச்சா, அம்பு எதிர்ப்பக்கம் திரும்பித் தெரியும்னு சொல்றாங்க. எனக்குத் திரும்பவே இல்லை, பெரிசா மட்டும் தெரியுது. என்ன செய்யணும்? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

செக்காலை_ரோடு
என்ன டம்ளர் அக்கா? கண்ணாடியா, பிளாஸ்டிக்கா? உருண்டையா, பட்டை வச்சதா? அம்பை மேலே பாக்க வரைஞ்சீங்களா, பக்கவாட்டிலயா? இதெல்லாம் சொல்லாம எப்படிச் சொல்றது?

தேவகோட்டை_அண்ணன்
எனக்குத் தண்ணி மேலதான் சந்தேகம். உங்க பக்கம் போர்த் தண்ணின்னா உப்பு ஏறிப்போய் இருக்கும். காரைக்குடியில தெரிஞ்சவங்க இருந்தா சம்பை ஊற்றுத் தண்ணி ஒரு பாட்டில் வாங்கி ஊத்திப் பாருங்க.

லென்ஸ்_வாத்தியார்
இதே கேள்வி இங்கே முன்பே வந்திருக்கிறது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம். உப்புக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் நல்ல தண்ணீருக்கு 1.33, கடல்நீருக்கே 1.34தான். பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவர் முதலில் தண்ணீர் டம்ளர் என்பது கதிர்களை ஒன்றுசேர்க்கும் ஒரு குவிலென்ஸ் என்று தெரிந்துகொள்ள வேண்டும். குவியத் தூரம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

பள்ளத்தூர்_ஆச்சி
சின்னப் பிள்ளைகளுக்கு அம்பெல்லாம் எதுக்கு தாயி? ஒரு எவர்சில்வர் கிண்ணத்துக்குள்ள ஒத்த ரூபாய்க் காசைப் போடு. தண்ணி ஊத்தறப்ப நகராம இருக்க அடியில துளி மெழுகு வச்சு ஒட்டிக்க. பிள்ளை கிண்ணத்தைப் பாத்துக்கிட்டே தலையைத் தாழ்த்தட்டும். காசு விளிம்புக்குப் பின்னால மறைஞ்ச இடத்தில அசையாம நிக்கச் சொல்லு. நீ மெதுவாத் தண்ணி ஊத்து. காசு எழும்பி வந்து கண்ணுல படும். நான் வேலையில இருந்த காலமெல்லாம் இதைத்தான் முதல்ல காட்டுவேன்.

கானாடுகாத்தான்_டியூஷன்
கண்ணாடி டம்ளர்தான், உருண்டை. அம்பு பக்கவாட்டில. நல்ல தண்ணிதான் அண்ணே. ஆச்சி, காசும் செய்யறேன். ஆனா பிள்ளைக அம்பைத்தான் கேக்குறாங்க.

செக்காலை_ரோடு
டம்ளருக்கும் அட்டைக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி?

கானாடுகாத்தான்_டியூஷன்
அட்டையைச் சுவத்துல ஒட்டியிருக்கேன். டம்ளர் அதைத் தொட்டுக்கிட்டு நிக்குது.

செக்காலை_ரோடு
அதான் விஷயம். பெரிசாத் தெரியுதுன்னு நீங்க முதல்லயே சொன்னதே துப்பு. கிட்ட வச்சா பூதக்கண்ணாடி மாதிரி பெருக்கிக் காட்டும், அவ்வளவுதான். டம்ளருக்குள்ள போய் வர்ற கதிர்கள் உள்பக்கமா வளைஞ்சு ஒரு இடத்தில ஒண்ணையொண்ணு வெட்டிக்கும். அப்படி வெட்டினப்புறம் இடப்பக்கத்துக் கதிர் வலப்பக்கம் போயிரும், வலது இடதுக்கு வந்துரும். அதுக்கு அட்டை குவியத்தை, அதாவது நேரா வர்ற கதிர்களை டம்ளர் ஒண்ணு சேர்க்கிற இடத்தை, தாண்டி இருக்கணும். தண்ணி நிறைச்ச உருண்டை டம்ளருக்கு அந்தக் குவியம், டம்ளர் அகலத்தில ஏறக்குறைய பாதி தூரம் பின்னாடி இருக்கு. 7 செ.மீ. அகல டம்ளர்னா பின்பக்கக் கண்ணாடியிலேருந்து 3.5 செ.மீ.

டம்ளரைச் சுவத்துலேருந்து ஒரு சாண் தள்ளி வைங்க. பிள்ளைக ரெண்டு மூணு அடி எட்டி நின்னு பாக்கட்டும். மூக்கை டம்ளர்கிட்டக் கொண்டுபோனா மங்கும். இன்னொண்ணு, டம்ளர் அங்கேயே இருக்கட்டும், அட்டையை மட்டும் கையில பிடிச்சு ஒட்டின நிலையிலேருந்து மெல்லப் பின்னாடி இழுங்க. அம்பு பெருசாகும், பிறகு கலைஞ்சு கோடு கோடாப் போகும், அப்புறம் திரும்பி நிக்கும். அந்தக் கலையுற இடம்தான் குவியம். பாடமே அங்கதான் இருக்கு, பிள்ளைகளை அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க விடுங்க.

லென்ஸ்_வாத்தியார்
நான் சொன்னதும் இதுவே.

தேவகோட்டை_அண்ணன்
சர் சி.வி. ராமன் பேரையும் அப்படியே பிள்ளைகளுக்குச் சொல்லிருங்க. நம்ம ஊர்க்காரர், ஒளிக்குத்தான் நோபல் வாங்கினார்.

லென்ஸ்_வாத்தியார்
அது ஒளிச்சிதறல், 1928இல் கண்டது. விலகல் விதி 17ஆம் நூற்றாண்டின் ஸ்னெல் பெயரால் வழங்குகிறது. இரண்டையும் குழப்பாதீர்கள்.

பள்ளத்தூர்_ஆச்சி
பேரு இருக்கட்டும். காசு எழும்பினதைக் காட்டின கையோட ஊருணியையும் சொல்லணும். நேர் மேலேருந்து பாத்தா தண்ணி ஆழம் முக்கால் பங்காத்தான் தெரியும். எட்டடி இருந்தா ஆறடி மாதிரி இருக்கும். படிக்கட்டுல நின்னு சாய்வாப் பாத்தா இன்னும் குறைச்சல். இடுப்பளவுதானேன்னு பிள்ளை இறங்கிரும்.

லென்ஸ்_வாத்தியார்
அறிவியல் வகுப்பில் பயமுறுத்தல் தேவையில்லை. தவிர, நம் ஊருணிகள் செம்மண் கலங்கல். அடி தெரிந்தால்தானே ஆழம் தப்பாகத் தெரிவதற்கு?

பள்ளத்தூர்_ஆச்சி
மழை ஓய்ஞ்சு தெளிஞ்சப்புறம் வந்து பாருங்க, மூணாம் படி நாலாம் படியெல்லாம் தெரியும். அந்தப் படியை நம்பித்தான் காலை வைக்கிறாங்க. பிள்ளை வீட்டுக்குத் திரும்பி வர்றதுக்கு உதவாத பாடம் எனக்கு வேண்டாம் சார்.

செக்காலை_ரோடு
ஆச்சி சொல்றது சரி. கலங்கல்னா அடியே தெரியாது, அதுவும் ஆபத்துதான். ரெண்டையும் சொல்லலாம்.

தேவகோட்டை_அண்ணன்
எங்க ஊருணியில இப்பத் தண்ணியே இல்லை. ஊருணிக்குத் தண்ணி வர்ற வரத்துக்கால்ல வீடு கட்டிட்டாங்க. அதைப் பத்தி யாரு பேசுறது?

லென்ஸ்_வாத்தியார்
அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

கானாடுகாத்தான்_டியூஷன்
திரும்பிருச்சு. ரொம்ப நன்றி. காசும் காட்டினேன், ஊருணியும் சொன்னேன் ஆச்சி. ஒரு பிள்ளை கேக்குது: இடது வலது மாறுது, மேல் கீழ் ஏன் மாறலைன்னு. என்ன சொல்ல?

செக்காலை_ரோடு
நல்ல கேள்வி. டம்ளர் பக்கவாட்டில மட்டும்தான் வளைஞ்சிருக்கு, மேலேருந்து கீழே நேராத்தான் இருக்கு. அதனால மேல் கீழ்க் கதிர்கள் வெட்டிக்கிறதில்லை. ஒரு உருண்டைக் கண்ணாடி பாட்டில்ல காத்து நிக்காமத் தண்ணி நிறைச்சு இறுக்கி மூடி, படுக்க வச்சு அதன் வழியாப் பாக்கச் சொல்லுங்க. இந்தத் தடவை அம்பை மேல் பாக்க வரையணும்.