மெயின் ரோட்டு ஊருக்கு வண்டி வண்டியாக, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை: நிவாரணக் குழுக்களை ஒருங்கிணைப்பது எப்படி?

பொருநைக்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நான் தூத்துக்குடி மாவட்டம், ஸ்ரீவைகுண்டம் பக்கம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளம் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டரை ஒட்டி மழை, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு மாட்டிக்கொண்டது, ஏரல் பாலம் உடைந்தது. அப்போது எங்கள் ஊர்ப் பையன்களும் பெண்களும் சேர்ந்து ஆரம்பித்த குழு இன்றைக்கும் இருக்கிறது.

தண்ணீர் வடிய ஆரம்பித்ததும் நாலா பக்கமிருந்தும் வண்டிகள் வந்தன. வந்தவர்கள் எல்லோரும் நல்ல மனசோடுதான் வந்தார்கள். ஆனால் மெயின் ரோட்டை ஒட்டிய ஊருக்குக் காலையில் ஒரு குழு சாப்பாட்டுப் பொட்டலம், மதியம் இன்னொரு குழு, சாயங்காலம் இன்னொன்று என்று வந்து, மிஞ்சிய சாம்பார் சாதம் ஊசிப்போய் குப்பையில் கிடந்தது. அங்கிருந்து வாய்க்காலைத் தாண்டி உள்ளே போனால் ஒரு தெரு முழுக்கக் குடிதண்ணீர் கிடையாது. அந்தத் தெருவில் ஓர் அக்கா என்னிடம் சொன்னது: "தம்பி, பிரட்டும் போர்வையும் வேண்டாம். பிள்ளைகளுக்குப் பால் பவுடரும், வயசுக்கு வந்த பெண்களுக்கு நாப்கினும், அடுப்பு மூட்ட வழியும் பண்ணுங்க." அதை வாட்ஸ்அப்பில் போட்டோம், ஃபார்வேர்டு ஆகி ஆகி எங்கெங்கோ போனது. பல நாள் கழித்தும் "அங்கே பால் பவுடர் வேண்டுமாமே" என்று போன் வந்துகொண்டிருந்தது, அந்தக் குடும்பங்கள் அதற்குள் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய்விட்டன.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஏதாவது ஓர் ஏற்பாடு செய்துவைக்க வேண்டும் என்று நினைக்கிறோம். ஒருங்கிணைப்பை யார் செய்வது, அரசாங்கமா, நம்மைப் போன்ற குழுக்களா? ஒரு கூகுள் ஷீட் போட்டால் போதுமா? உலக அளவில் பெரிய அமைப்புகளுக்கு இதற்கென்று ஒரு முறை இருக்கும் அல்லவா, அதில் நமக்குப் பயன்படுவது என்ன? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாகைத்தோணி எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் 2005 ஜனவரி நாகப்பட்டினம்தான் கண்ணுக்குள் வந்தது. சுனாமியில் எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அந்த அளவு இழப்பு, அதற்கேற்ற அளவு உதவி, எங்கே பார்த்தாலும் லாரி. பழைய துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கி, வாங்க ஆளில்லாமல் ரோட்டோரம் குவிந்து, மழையில் நனைந்து, கடைசியில் அதை அள்ளி அப்புறப்படுத்துவதே நகராட்சிக்குத் தனி வேலையாகிப் போனது. மானத்தோடு வாழ்ந்த மீனவக் குடும்பங்கள், யாரோ உடுத்திக் கழித்த துணியை எப்படி வாங்குவார்கள்? கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்கத்தான் ஆளில்லை.

அந்தக் குழப்பத்துக்கு நடுவில் நடந்த ஒரு நல்ல காரியத்தைத்தான் நான் எல்லோரிடமும் சொல்வேன். மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ், நாகையிலேயே மீனவப் பெண்களோடு பல வருஷமாக வேலை செய்துவந்த ஸ்நேகா, இந்த இரண்டும் முன்னால் நின்று கலெக்டர் அலுவலக வளாகத்திலேயே தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடங்கின. பிறகு அதுவே என்.சி.ஆர்.சி. என்ற பெயரில் சில வருஷம் நடந்தது. புதிதாக வருகிற அமைப்பு முதலில் அங்கே வந்து பதிய வேண்டும், எந்த ஊரில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்ல வேண்டும், எந்த ஊரில் என்ன குறை என்று அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதிகாரிகள் அடுத்த கட்டடத்தில் இருந்ததால் ஒரு முடிவுக்காக நாள் கணக்கில் அலைய வேண்டியதில்லை. அதே சமயம் மையம் அரசாங்கத்தின் கையில் இல்லை, கடற்கரையை நன்றாகத் தெரிந்தவர்கள் கையில் இருந்தது. யார் செய்வது என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: அரசாங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஊரைத் தெரிந்தவர்கள் செய்ய வேண்டும்.

அங்கேயும் எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். படகு கண்ணுக்குத் தெரிகிற பொருள், போட்டோவுக்கு நன்றாக இருக்கும், அதனால் ஆளாளுக்குப் படகு கொடுத்தார்கள். கடைசியில் சுனாமிக்கு முன் இருந்ததைவிடக் கண்ணாடியிழைப் படகுகள் அதிகமாகிவிட்டன. அதே நேரத்தில் உப்பங்கழியில் இறால் பொறுக்கிப் பிழைத்த இருளர் குடும்பங்களும், மீன் சுமந்த, கருவாடு விற்ற பெண்களும், கூலி வேலை பார்த்த தலித் மக்களும் பல பட்டியல்களில் வரவே இல்லை. மீனவப் பஞ்சாயத்து எழுதிக் கொடுத்த பட்டியலில் அந்த ஊர் மீனவர்கள் மட்டும்தான் இருப்பார்கள், அதை வைத்துக்கொண்டு "இந்த ஊர் முடிந்தது" என்று டிக் போட்டுவிட்டுப் போனவர்கள் நிறைய. அதனால் உங்கள் அட்டவணையில் "யார் கொடுத்தார்கள்" என்ற கட்டத்தைவிட "இன்னும் யாருக்குப் போகவில்லை" என்ற கட்டம் முக்கியம். அதைத் தினமும் யாராவது நேரில் போய்ப் பார்த்து நிரப்ப வேண்டும்.

இன்னொன்று, ஊர்ப் பெயர். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இதில்தான் நிறையப் பொருள் தப்பான இடத்துக்குப் போகிறது. கடலூர், புதுச்சேரி, பூம்புகார் என்று இந்தக் கரை நெடுக எத்தனை புதுக்குப்பம்! "புதுக்குப்பத்துக்கு வலை கொடுத்தாகிவிட்டது" என்றால் எந்தப் புதுக்குப்பம்? வருவாய் கிராமத்தின் பெயர் ஒன்று, ஊராட்சியின் பெயர் ஒன்று, மக்கள் வாயில் வழங்குவது வேறொன்று. மழைக்கு முன்பே வி.ஏ.ஓ.வைப் பார்த்து, மூன்று பெயரையும் ஒரே வரியில் எழுதி, ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் ஓர் எண் கொடுத்து வையுங்கள். ஐ.நா. ஆட்களும் இதைத்தான் செய்கிறார்கள், இடத்துக்கு ஒரு குறியீட்டு எண்.

கூடாரம் எழுதியது:

அண்ணன் சொன்னதோடு சேர்த்து, பெரிய அமைப்புகள் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், அந்தப் பக்கம்தான் என் வேலை.

2005ல் ஐ.நா. கிளஸ்டர் என்ற முறையைக் கொண்டுவந்தது. அதே வருஷம் அக்டோபரில் பாகிஸ்தான் நிலநடுக்கத்தில்தான் முதல் தடவை நடைமுறைக்கு வந்தது. துறைவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளி. சுகாதாரத்துக்கு உலக சுகாதார நிறுவனம், தண்ணீர் கழிப்பறைக்கு யுனிசெஃப், சரக்குப் போக்குவரத்துக்கும் தகவல்தொடர்புக்கும் உலக உணவுத் திட்டம். இதன் அடித்தளம் ஓர் அட்டவணை: யார், என்ன, எங்கே. சில இடங்களில் எப்போது என்பதையும் சேர்ப்பார்கள். உங்கள் கூகுள் ஷீட்டும் அதேதான், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் முறை இருப்பதாலேயே வேலை நடந்துவிடாது. 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு போர்ட்-ஓ-பிரின்ஸில் ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் விமான நிலையத்தை ஒட்டிய ஐ.நா. வளாகத்துக்குள் நடந்தன. உள்ளே போக அடையாள அட்டை வேண்டும், பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில். அந்த ஊர் ஜனங்கள் பேசுவதோ கிரியோல். இடிபாடுகளிலிருந்து முதல் ஆளை வெளியே இழுத்தவர்கள், தெருத்தெருவாக யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள், அந்த உள்ளூர் அமைப்புகள் கேட்டுக்கு வெளியே நின்றன. எனக்கு இன்றும் ஆத்திரம் வரும் விஷயம் இது. உங்கள் கூட்டத்தைப் பஞ்சாயத்து ஆபீஸ் திண்ணையிலோ பள்ளிக்கூடத்திலோ, தமிழில், மகளிர் குழு அக்காமார் வரக்கூடிய நேரத்தில் வையுங்கள். வெளியூர்க் குழுக்கள் அங்கே வரட்டும்.

அப்புறம் அளவு. ஒரு குழு ஐந்து கிலோ அரிசி, அடுத்த குழு இருபத்தைந்து கிலோ என்று கொடுத்தால் பக்கத்துப் பக்கத்துத் தெருவுக்குள் சண்டைதான் வரும். 1994ல் ருவாண்டா அகதிகள் இன்றைய காங்கோவின் கோமா நகரில் குவிந்தபோது ஏராளமான அமைப்புகள் ஆளுக்கொரு தரத்தில் வேலை செய்தார்கள், காலரா பரவி அகதிகள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அதற்குப் பிறகு உருவானவைதான் ஸ்ஃபியர் தர அளவுகள்: ஒரு நபருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்கிற மாதிரி. நீங்கள் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு என்று ஓர் அளவை இப்போதே முடிவு செய்து, வருகிற குழுக்களிடம் "இந்தப் பகுதியில் இதுதான் கணக்கு" என்று சொல்லிவிடுங்கள்.

ஷீட் பற்றி ஓர் எச்சரிக்கை. பெயர், போன் நம்பர், வீட்டில் யார் கர்ப்பிணி, யார் தனியாக இருக்கும் பெண், இதெல்லாம் எல்லோரும் பார்க்கக்கூடிய ஷீட்டில் வரக்கூடாது. பொதுவில் போவது ஊரும் தேவையும் எண்ணிக்கையும் மட்டும். மற்றது நம்பகமான இரண்டு பேரிடம்.

மட்டுநகர் எழுதியது:

நான் மட்டக்களப்பு. இந்த இழையை வாசிக்கும்போது எங்கள் பக்கத்தையும் சொல்லத் தோன்றியது. 2004 சுனாமிக்குப் பிறகு கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், அரசாங்க அதிபர் (உங்கள் கலெக்டர் மாதிரி) தலைமையில் கூட்டம் நடக்கும், என்.ஜி.ஓ.க்கள் வெள்ளை வாகனங்களில் வந்து இறங்குவார்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் பாட்டில் முகாமுக்குப் போய், ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, படிவம் நிரப்பிக்கொண்டு போகும். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் "எத்தனை பேர் இறந்தார்கள்" என்று ஒவ்வொரு நாளும் புது ஆள் வந்து கேட்டால் அவள் என்ன செய்வாள்? கணக்கெடுப்பை ஒரு தரம் செய்யுங்கள், எல்லாரும் அதைப் பாவியுங்கள். எங்கள் ஊரில் கிராம சேவகரிடம் (உங்கள் வி.ஏ.ஓ. மாதிரி) குடும்பப் பதிவு இருந்தது, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கதைத்தவர்களின் வேலை வடிவாக நடந்தது.

மேலே அரசியல் சரியில்லை என்றால் கீழே எவ்வளவு ஒருங்கிணைத்தாலும் ஓர் எல்லைக்கு மேல் போகாது என்பதையும் நாங்கள் கண்டோம். வடக்கு கிழக்கில் உதவியைப் பகிர்ந்து நடத்த அரசாங்கமும் புலிகளும் 2005 ஜூனில் பொதுக் கட்டமைப்பு ஒன்றுக்குக் கையெழுத்திட்டார்கள். ஜே.வி.பி. கட்சி வழக்குப் போட்டது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் முக்கியமான பகுதிகளை இடைநிறுத்தியது, அதோடு அது முடிந்தது. கரையிலிருந்து தெற்கில் 100 மீட்டருக்குள்ளும் வடக்குக் கிழக்கில் 200 மீட்டருக்குள்ளும் வீடு கட்டக்கூடாது என்ற விதி வேறு. எங்கே வீடு கட்டலாம் என்றே தெரியாமல் சனம் கொட்டிலில் காத்திருந்தது.

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஊர்ப் பெயர் விஷயத்தை நாங்கள் யோசிக்கவே இல்லை, நாளைக்கே வி.ஏ.ஓ.வைப் பார்க்கிறோம். ஒரு சந்தேகம். எங்களுக்கு வெள்ளம் வந்தபோது முதலில் போனது கரண்ட், அடுத்து டவர். ஷீட்டை யார் திறப்பது?

அலைவரிசை எழுதியது:

அந்தச் சந்தேகம் நியாயமானது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் வானொலியாளர் (லைசென்ஸ் வாங்கிச் சொந்த வயர்லெஸ் செட்டில் பேசுகிறவர்) வேறொரு நிகழ்ச்சிக்காகப் போர்ட் பிளேரில் இருந்தார். சுனாமி அடித்து அந்தமானில் தொடர்புகள் அறுந்தபோது அவர் தன் செட்டை வைத்துச் செய்தி அனுப்ப ஆரம்பித்தார், எத்தனையோ குடும்பங்களுக்கு அங்கிருந்தவர்களைப் பற்றிய தகவல் அப்படித்தான் கிடைத்தது. உங்கள் மாவட்டத்தில் லைசென்ஸ் உள்ள ஹாம் ஆட்கள் யார் என்று இப்போதே விசாரியுங்கள். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்க உங்கள் குழுவில் ஓரிருவர் முன்வந்தால் இன்னும் நல்லது. கடற்கரை ஊர் என்றால் விசைப்படகுகளில் விஎச்எஃப் என்கிற வயர்லெஸ் செட் இருக்கும். போலீஸ் ஸ்டேஷன் வயர்லெஸ் இருக்கிறது, ஆனால் அவசர நேரத்தில் போய் நின்றால் யாரென்றே தெரியாது, முன்பே பழகி வையுங்கள்.

எதுவும் இல்லையென்றால் காகிதம். ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் ஒரு நோட்டில் எழுதி, குறித்த நேரத்தில் குறித்த இடத்துக்கு, பாலத்தடியோ ரேஷன் கடையோ, பைக்கிலோ நடந்தோ கொண்டுவந்து கொடுக்க வேண்டும். டவர் இருக்கும் இடத்திலிருக்கும் ஆள் அதை ஷீட்டில் ஏற்றட்டும்.

செய்தி எதுவானாலும் தேதி, நேரம், சொன்னவர் யார், சரிபார்த்தவர் யார், இந்த நான்கும் இல்லாமல் ஃபார்வேர்டு பண்ணாதீர்கள். 2015 சென்னை வெள்ளத்தில் மீட்கப்பட்டுவிட்டவர்களுக்காகப் படகு கேட்கும் செய்திகள் சுற்றிக்கொண்டே இருந்தன. 2018 கேரளத்தில் அரசு இணையதளத்தில் குவிந்த கோரிக்கைகளைத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போன் போட்டுச் சரிபார்த்தார்கள். பெரிய வேலைதான், ஆனால் அது இல்லாமல் படகு தப்பான வீட்டுக்குப் போகும். வேலை முடிந்த கோரிக்கையை "முடிந்தது" என்று மூடுவதற்கென்றே ஒருவரை உட்கார வையுங்கள்.

நாகைத்தோணி எழுதியது:

கடைசியாக ஒன்று தம்பி. மழைக்கு முன்பே தாசில்தாரையும் பி.டி.ஓ.வையும் ஒரு தடவை நேரில் பார்த்து உங்கள் பட்டியலின் ஒரு பிரதியைக் கொடுத்துவிடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, அங்கே வருகிற கோரிக்கைகளும் உங்கள் பட்டியலும் ஒத்துப்போக வேண்டும். வெளியூர்க் குழு போன் செய்தால் "வராதீர்கள்" என்று சொல்லாதீர்கள், மனசு உடைந்துபோகும். "நாளை மறுநாள் வாருங்கள், இந்த எண்ணுள்ள ஊருக்கு, இந்தப் பொருளோடு" என்று சொல்லுங்கள். முதல் வாரம் எல்லோரும் வருவார்கள். மூன்றாவது வாரம் வீட்டுக்குள் சேறு அள்ளவும், பள்ளிக்கூடப் புத்தகம் வாங்கவும், செத்துப்போன ஆடு மாட்டுக்குக் கணக்கெழுதவும்தான் ஆள் வேண்டும். முதல் வாரமே வந்து நிற்பவர்களில் பாதிப் பேரை அந்த மூன்றாவது வாரத்துக்குத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

பட்டியலின் முதல் வரைவு தயாரானதும் ஆட்களின் பெயர், நம்பர் இல்லாமல் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.