காட்டுப் படங்கள்: உங்களை இன்னும் விடாத ஒரு காட்சி

கொட்டகைக்காரன்:

1940களின் கடைசியிலிருந்து ஐம்பதுகளின் நடு வரைக்கும் ஹாலிவுட்டில் சின்னக் கம்பெனிகள் மளமளவென்று எடுத்துத் தள்ளிய காட்டுப் படங்களைத்தான் சொல்கிறேன். பாம்பா என்ற காட்டுப் பையன், ஜங்கிள் ஜிம் என்ற காட்டு வேட்டைக்காரன், அந்த வகையறா. கதை எதுவும் சொல்ல வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கு ஒரே ஒரு வெட்டு மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

பாம்பாவாக வரும் ஜானி ஷெஃபீல்ட் பாறைமேல் ஏறி நின்று தூரத்தைப் பார்ப்பான். அடுத்த ஷாட்டில் சமவெளி முழுக்க மான் கூட்டம். ஆனால் வெயில் வேறு, படத்தின் மணல்மணலான தன்மை வேறு. ஏனென்றால் அந்த ஷாட் அந்தப் படத்துக்காக எடுத்ததே இல்லை. 1930இல் வந்த 'ஆப்பிரிக்கா ஸ்பீக்ஸ்' என்ற பயணப் படத்திலிருந்து வெட்டி ஒட்டியது. 1949 முதல் 1955 வரை வந்த 12 பாம்பா படங்களில் பலவற்றுக்கு அந்தப் பழைய சுருள்தான் காடு. பையன் நிற்பது கலிபோர்னியாவில். அவன் பார்ப்பது கிட்டத்தட்ட இருபது வருஷத்துக்கு முந்தைய ஆப்பிரிக்காவை. அவன் கண்ணெதிரே ஓடும் அந்த மான்களில் ஒன்றுகூட அப்போது உயிரோடு இருந்திருக்காது. என் மகளோடு உட்கார்ந்து பார்த்தபோது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை, "எவ்ளோ மான்!" என்றாள். எனக்கு அதற்குமேல் படம் ஓடவில்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

டாப்ஸ்லிப்:

யானைக் காது. வேறென்ன.

எங்கள் மாமனார் யானை முகாமில் பாகனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜானி வைஸ்முல்லரின் முதல் டார்ஜான் படத்தை வீட்டில் போட்டிருந்தேன். ஆப்பிரிக்க யானைக்கு எங்கே போவது? சர்க்கஸில் இருந்த நம்ம ஆசிய யானைகளுக்கே பெரிய பொய்க்காதை மாட்டிவிட்டார்கள். அது எனக்கு முன்பே தெரியும், மாமனாரிடம் சொல்லவில்லை. அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். "இது நம்ம ஊர்ப் புள்ளதானேடா. காதுல என்னத்தக் கட்டி வெச்சிருக்கானுங்க?"

தலையைப் பார்த்தாலே தெரியும் என்றார். நெற்றியில் இரண்டு மேடு, முதுகு வளைந்து மேலே தூக்கியிருக்கும். ஆப்பிரிக்க யானைக்கு முதுகு நடுவில் குழிந்திருக்கும். அதெல்லாம் சரி, ஆனால் அவர் பார்த்தது வேறு. யானை காதை ஓயாமல் விசிறிக்கொண்டே இருக்கும், உடம்புச் சூடு இறங்குவதே அந்த வழியாகத்தான். "மேல இப்படிக் கட்டிட்டா அதுக்கு எப்படிடா காத்து போவும்?" படம் முடியும் வரை டார்ஜானை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. யானை வரும்போதெல்லாம் உச்சுக்கொட்டிக்கொண்டே இருந்தார்.

ரீல்பெட்டி:

டாப்ஸ்லிப் அண்ணன் சொல்லும் படம் 1932. எம்.ஜி.எம். எடுத்தது. அந்தக் காலத்திலேயே பெரிய செலவுப் படம். கொட்டகைக்காரன் கேட்டது சின்ன பட்ஜெட் படங்களைப் பற்றி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. எம்.ஜி.எம். பொய்க்காது தைக்கவாவது காசு வைத்திருந்தது. சின்னக் கம்பெனிகள் பல நேரம் அந்தச் சிரமம்கூட எடுத்துக்கொள்ளவில்லை, ஆசிய யானை அப்படியே ஆப்பிரிக்காவில் நடக்கும்.

சின்ன பட்ஜெட் என்றால் தயாரிப்பாளர் சாம் கட்ஸ்மன். கொலம்பியா கம்பெனிக்காக 1948 முதல் 1955 வரை ஜங்கிள் ஜிம் வரிசையில் 16 படம். எம்.ஜி.எம்.மில் ஆறு, ஆர்.கே.ஓ.வில் ஆறு என்று டார்ஜானாக நடித்து முடித்த வைஸ்முல்லருக்கு உடம்பு கொஞ்சம் பெருத்துவிட்டது. கோவணத்தை விட்டுவிட்டு சட்டை, பேண்ட், தொப்பி போட்டு ஜங்கிள் ஜிம் ஆக்கினார்கள். கடைசி மூன்று படத்தில் ஜங்கிள் ஜிம் என்ற பெயர்கூட இல்லை. அந்தப் பெயர் தொலைக்காட்சித் தொடருக்குப் போய்விட்டதால், படத்திலும் அவர் பெயர் ஜானி வைஸ்முல்லர்தான். வேஷம் போய், நடிகன் தன் பெயரிலேயே காட்டுக்குள் அலைகிறான்.

என்னை விடாத காட்சி 1950இல் வந்த 'கேப்டிவ் கேர்ள்'. அதில் வில்லன் பஸ்டர் கிராப். வைஸ்முல்லர் 1924, 1928 ஒலிம்பிக்ஸ் இரண்டிலும் சேர்த்து நீச்சலில் ஐந்து தங்கம். கிராப் 1932இல் 400 மீட்டரில் தங்கம். அவரும் ஒரு காலத்தில் டார்ஜானாக நடித்தவர். உலகத்தின் மிகச் சிறந்த நீச்சல்காரர்கள் இரண்டு பேரை ஒரு மலிவுப் படத்தின் குட்டைக்குள் இறக்கிவிட்டிருக்கிறார்கள். கதை என்ன வேண்டுமானாலும் ஆகட்டும், தண்ணீரில் வைஸ்முல்லர் கை போடும்போது மட்டும் அவருக்கு வயசே ஆகவில்லை.

சேலத்துப் பேரன்:

ரீல்பெட்டி, அந்த 'கேப்டிவ் கேர்ள்' படத்தை இயக்கிய வில்லியம் பெர்க்தான் சேலத்துக்கு வந்தவர். இதை யாரும் சொல்லாமல் இருக்கிறீர்களே!

1952. மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரமும் அமெரிக்காவின் லிப்பர்ட் கம்பெனியும் சேர்ந்து எடுத்த 'தி ஜங்கிள்'. தமிழில் 'காடு'. ராட் கேமரூன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் நடித்தார்கள். கிராமத்தை யானைகள் மிதித்துத் துவைக்கின்றன, ஏனென்று தேடிப்போனால் காட்டுக்குள் பனியுக மாமத யானைகள். நம்ம யானைகளுக்கே சடைசடையாக முடி ஒட்டி மாமதமாக்கிவிட்டார்கள்.

என் தாத்தா இதைச் சொல்லிச் சொல்லியே ஓய்ந்தவர். "வெள்ளக்காரன் நம்ம சேலத்துக்காரன் கூடச் சேந்து படம் எடுத்தான், ஆனைக்கு முடி வெச்சான்" என்பார். வீட்டில் யாரும் நம்பவில்லை. மந்திரி குமாரி, அலிபாபா என்று பேச ஆரம்பித்தால் எல்லாரும் கேட்பார்கள். முடி வைத்த யானை என்றால் பெரியப்பா எழுந்து போய்விடுவார்.

பல வருஷம் கழித்து ஆங்கிலப் பிரதி கிடைத்தது. பழுப்பு நிறத்தில் ஓடும் படம். எல்லாரையும் உட்கார வைத்துப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் திரையில் நம்பியார்! எம்.என். நம்பியார், அந்த அமெரிக்கர்களோடு ஒரே படத்தில். பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார். "டேய், நம்பியார்டா!" தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முடி வைத்த யானை வந்தபோது அவர் திரையைப் பார்க்கவில்லை, பெரியப்பா முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது. 'காடு' தமிழ்ப் பிரதி எங்காவது இருந்தால் சொல்லுங்கள். தாத்தா பார்த்தது அதைத்தான்.

பருத்தித்துறை:

தமிழ்க் காட்டுப் படம் என்றால் 'காடு'க்கு முன்பே இருக்கிறது. 1941இல் 'வனமோகினி'. எம்.கே. ராதாவும் எங்கட இலங்கையைச் சேர்ந்த தவமணி தேவியும் நடித்தது. ஹாலிவுட்டில் டோரதி லாமோர் காட்டுப் பெண்ணாக உடுத்தி வந்த மாதிரியே தவமணி தேவி உடுத்தி வந்தவ. அந்தக் காலத்துக்கு அது பெரிய துணிச்சல்.

நான் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. எனக்கு மறக்க முடியாதது அம்மம்மாவின் அலுமாரி. அவ செத்தபிறகு சேலைகளை எடுத்து மடிக்கேக்க, அடியில் விரித்திருந்த கடதாசிக்குக் கீழே ஒரு படம் இருந்தது. பத்திரிகையில் வெட்டி எடுத்த தவமணி தேவி, காட்டு உடுப்பில். அம்மம்மா வாழ்நாள் முழுக்கத் தலைமுடியை அவிழ்த்து விட்டு வெளியே வந்ததில்லை. அம்மாவுக்கே தெரியாமல் அந்தப் படத்தை அவ்வளவு காலம் வைத்திருந்திருக்கிறா. அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு அந்த இடத்திலேயே திரும்ப வைத்தா.

ஆர்க்கேடியா மயில்:

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருக்கிறேன். ஆர்க்கேடியா ஊரில் கவுண்டி அர்பொரேட்டம் என்று பெரிய தாவரத் தோட்டம் உண்டு. அங்கிருக்கும் குளத்தங்கரையில்தான் டார்ஜான் படங்களும் ஜங்கிள் ஜிம் படங்களும் எடுத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா எல்லாம் அந்த ஒரே குளம்தான். பேச்சுக்கொடுத்துக்கொண்டே சுற்றி வந்துவிடலாம், அவ்வளவுதான் காடு.

கரையில் நின்று, எந்தப் பக்கம் கேமரா வைத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பின்னால் மயில் அகவியது. நான் விராலிமலைக்காரன். ஒரு நொடி எங்கே நிற்கிறேன் என்றே புரியவில்லை. அந்த இடத்தின் பழைய சொந்தக்காரர் பால்ட்வின் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து விட்ட மயில்களின் வாரிசுகள் இன்றும் அந்த ஊர்த் தெருக்களில் திரிகின்றன. ஆப்பிரிக்கா என்று சொல்லிப் படம் எடுத்த இடத்தில் உண்மையாகவே கத்திக்கொண்டிருந்தது நம்ம மயில். படத்தில் கேட்ட 'காட்டுச் சத்தம்' என்னவென்றால், பாதி நேரம் ஆஸ்திரேலியாவின் குக்கபரா பறவை. ஆப்பிரிக்கக் காட்டில் அது கிடையவே கிடையாது.

லண்டன் சுந்தரி:

எல்லாரும் யானை, மயில் என்று எழுதுகிறீர்கள். மனிதர்களை யாரும் எழுதவில்லை.

பக்கத்து வீட்டில் கென்யாக்காரர் ஒருவர். நல்ல சினிமா ரசிகர். ஒரு மழை நாளில் எங்கள் வீட்டில் இப்படி ஒரு சஃபாரி படம் ஓடியது. வெள்ளைக்காரர்கள் முன்னால் போக, தலையில் மூட்டையோடு கறுப்பர்கள் வரிசையாகப் போகிறார்கள். மலை விளிம்பில் ஒருவன் கால் வழுக்கி விழுகிறான். ஓர் அலறல். கதாநாயகி கண்ணை மூடிக்கொள்கிறாள். நாயகன் அவளைத் தேற்றுகிறான். வரிசை நகர்கிறது. அவர் என்னிடம் திரும்பி, "அவன் பெயர் என்ன?" என்று கேட்டார். பெயர் சொல்லியிருப்பார்கள், தான் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று நினைத்து நிஜமாகவே கேட்டார். பெயர் இல்லை. வசனமும் இல்லை. அந்த வரிசையில் ஒருவனுக்கும் இல்லை. அன்றிலிருந்து எந்தக் காட்டுப் படம் பார்த்தாலும் நான் மூட்டை தூக்குபவர்களைத்தான் பார்க்கிறேன்.

ரீல்பெட்டி:

சுந்தரி அக்கா, அது அந்தக் காலம். 1950இல் எடுத்த படத்தை இன்றைய கண்ணால் பார்த்தால் எதையும் ரசிக்க முடியாது.

லண்டன் சுந்தரி:

அந்தக் காலத்தில் அந்த வரிசையில் நடந்தவரும் மனிதர்தானே தம்பி? உட்டி ஸ்ட்ரோடை எடுத்துக்கொள்ளுங்கள். 1946இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் கென்னி வாஷிங்டனோடு சேர்ந்து, அமெரிக்கக் கால்பந்து லீக்கில் பல வருஷம் நீடித்த நிறத்தடையை உடைத்தவர். அவரையே 1951இல் பாம்பா படத்தில் காட்டுவாசி ஆக்கினார்கள். 1960இல் 'ஸ்பார்ட்டகஸ்' படத்தில் அதே மனிதர் கையில் திரிசூலத்தோடு நிற்கும்போது திரையில் வேறு யாரையும் பார்க்க முடியாது. திறமை 1950இலும் இருந்தது. பார்க்கத்தான் ஆளில்லை. நான் ரசிக்கவில்லை என்று எங்கே சொன்னேன்?

தகரப்பெட்டி:

சண்டைக்கு நடுவே வருகிறேன், மன்னிக்கவும். அப்பா டூரிங் டாக்கீஸ் நடத்தியவர். மாடி அறையில் அவருடைய சுருள் டப்பா ஒன்று இருக்கிறது, மேலே கரியால் 'சிங்கப் படம்' என்று எழுதியிருக்கிறது. எந்தப் படம் என்று தெரியாது. போன வாரம் திறந்தேன். ஊறுகாய்ப் பானையைத் திறந்த மாதிரி ஒரு புளிப்பு நெடி மூக்கில் அடித்தது. அப்பாவின் சட்டையில் இருந்த வாசம் அது. சின்ன வயதில் அவர் மடியில் படுத்தால் வரும். உடனே மூடிவிட்டேன்.

பிலிம்சுருள்:

தகரப்பெட்டி, தயவுசெய்து அந்த டப்பாவை மறுபடி இறுக்கி மூடாதீர்கள். நானும் ஒரு கொட்டகை ஆபரேட்டரின் மகன். எங்கள் வீட்டுச் சுருள்கள் மொத்தமும் அந்த நெடியோடுதான் போயின. அதனால் சொல்கிறேன்.

அந்தப் புளிப்பு வினிகர் நெடி. பிலிமின் அடித்தளம் அசிடேட், அது சிதையும்போது அசிடிக் அமிலம் வெளியாகும். வெளியான அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். மூடிய டப்பாவுக்குள் அது தங்கினால் கெடுதல் பெருகும், பக்கத்தில் நல்ல சுருள் இருந்தால் அதற்கும் பரவும். எனவே முதலில் தனியாக வையுங்கள், காற்று ஆடுகிற இடத்தில். மாடி அறை வேண்டவே வேண்டாம், வெயில் சூடுதான் அதற்கு எமன். வீட்டிலேயே குளிர்ச்சியான, ஈரமில்லாத அறை எதுவோ அங்கே வையுங்கள்.

அடுத்து அகலத்தைப் பாருங்கள். 16 மி.மீ. என்றால் பயமில்லை. 35 மி.மீ. ஆக இருந்து, ஐம்பதுகளின் தொடக்கத்துக்கு முந்தையதாக இருந்தால் நைட்ரேட்டாக இருக்கலாம். அது தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும், எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. சோதிக்கிறேன் என்று துண்டு வெட்டிக் கொளுத்திப் பார்க்க வேண்டாம், அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஓரத்தில் ஆங்கிலத்தில் 'சேஃப்டி' என்று அச்சாகியிருக்கிறதா பாருங்கள். புளிப்பு நெடி வருவதால் அசிடேட்டாகத்தான் இருக்கும், ஆனாலும் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, புரொஜக்டரில் ஏற்றவே ஏற்றாதீர்கள். யாராவது நண்பர் "ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம்" என்பார். பழைய சுருள் சுருங்கியிருக்கும், ஓரத் துளைகள் பல்சக்கரத்தில் பொருந்தாமல் வரிசையாகக் கிழியும். பல்சக்கரம் இல்லாத ஸ்கேனர்கள் இப்போது இருக்கின்றன, சுருங்கியதையும் அதில் எடுக்கலாம். புனேயில் 1964 முதல் தேசிய திரைப்படக் காப்பகம் இருக்கிறது, அவர்களுக்கு எழுதுங்கள். டப்பாவின் மேல் எழுத்தை அழிக்காதீர்கள், அதையும் படம் எடுத்து அனுப்புங்கள். எந்த ஊர், எந்தக் கொட்டகை என்ற விவரமும் சேர்த்து எழுதுங்கள். கையுறை போட்டுத் தொடுங்கள், ஓரத்தை மட்டும்.

தகரப்பெட்டி:

16 மி.மீ. தான். ஓரத்தில் சேஃப்டி என்று இருக்கிறது. கீழ் அறைக்குக் கொண்டுவந்துவிட்டேன், மூடியைத் தளர்த்தி வைத்திருக்கிறேன். முதல் சில அடிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், தொப்பி போட்ட ஆள் ஒருவர் குளத்தங்கரையில் நிற்கிறார். புனேக்குக் கூரியரில் அனுப்பலாமா, நேரில் போக வேண்டுமா?

பிலிம்சுருள்:

முதலில் கடிதம் எழுதுங்கள், அவர்கள் சொன்னபிறகு கையிலேயே எடுத்துப் போங்கள். கூரியர் வண்டி வெயிலில் நிற்கும்.

ஆர்க்கேடியா மயில்:

அந்தக் குளத்தங்கரைப் படத்தை இங்கே போட முடியுமா? பின்னால் பனைமரங்கள் தெரிகின்றனவா? இந்த வாரம் நான் அங்கே போவேன், ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.