1964 டிசம்பர் 3: அந்த இரண்டு வாக்குகள்

மலைச்சாரல் எழுதியது:
இலங்கைப் பாராளுமன்றத்தின் இடதுசாரி உறுப்பினர்களான எட்மண்ட் சமரக்கொடியும் மெரில் பெர்னாண்டோவும் 1964 இல் எதிர்க்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சிக்கு விலைபோய்த் தொழிலாளர்களின் அரசாங்கத்தைக் கவிழ்த்தார்கள் என்று செங்கொடி அவர்கள் நேற்று எழுதியதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. விலைபோனவர்கள் என்றால் எதைப் பெற்றார்கள் என்று காட்ட வேண்டும். அந்த ஆண்டு ஜூனில் நடந்த லங்கா சமசமாஜக் கட்சி மாநாட்டில், சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியோடு கூட்டரசாங்கத்தில் சேர வேண்டும் என்ற என். எம். பெரேராவின் தீர்மானத்துக்கு 501 வாக்குகளும், கொல்வின் ஆர். டி சில்வா, லெஸ்லி குணவர்தன ஆகியோரின் இடைவழித் தீர்மானத்துக்கு 75 வாக்குகளும், இடது அணியின் தீர்மானத்துக்கு 159 வாக்குகளும் கிடைத்தன. தோற்ற இடது அணியினர், இந்த இருவரும் உட்பட, வெளியேறி லங்கா சமசமாஜக் கட்சி (புரட்சிகரம்) என்ற சிறு கட்சியை அமைத்தார்கள். அமைச்சர் பதவிகளைப் பெற்றவர்கள் என். எம். பெரேராவும் அனில் முனசிங்கவும் சொல்மண்டலி குணவர்தனவும்தான். வெளியேறியவர்களில் எவரும் இல்லை.

செங்கொடி எழுதியது:
மாநாட்டுக் கணக்கை விட்டுவிட்டுப் பாராளுமன்றக் கணக்குக்கு வாருங்கள். அரசாங்கத்தின் கொள்கை உரையான சிம்மாசனப் பிரசங்கத்துக்கு எதிர்க்கட்சி வரிசையிலிருந்து வந்த திருத்தம் 74க்கு 73 என்று நிறைவேறியது. அந்த இருவரும் வாக்களிக்காமல் இருக்கையில் அமர்ந்திருந்தாலே 72க்கு 73 என்று திருத்தம் தோற்றிருக்கும். அரசாங்கத்தை ஆதரிக்கக்கூட அவர்கள் வேண்டியதில்லை, பேசாமல் இருந்திருந்தால் போதும். லேக் ஹவுஸ் பத்திரிகைகளின் ஏகபோகத்தை உடைக்க வந்த சட்டமூலம் அன்றோடு செத்தது. இதைப் புரட்சி என்று அழைப்பவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

மலைச்சாரல் எழுதியது:
பேச்சு இல்லை என்று சொல்லிவிட்டு இத்தனை வரிகள் எழுதியிருக்கிறீர்கள். சி. பி. டி சில்வாவும் அவரோடு 13 பேரும் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியின் வரிசையிலிருந்தே எதிர்ப்பக்கம் போனார்கள். அவர்கள் போயிராவிட்டால் இந்த இரண்டு வாக்குகளுக்கு என்ன பெறுமதி இருந்திருக்கும்? உங்கள் தலைமை யாரை முற்போக்கு முதலாளித்துவம் என்று கட்டித் தழுவியதோ, அவர்களே காலை வாரினார்கள். அவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை, இருவர் மீது மட்டும் அறுபது ஆண்டுக் கோபம்.

அந்த அரசாங்கம் யாருடையது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 3 க்கு ஐந்து வாரம்கூட முந்தாத அக்டோபர் 30 ஆம் திகதி மலையகத் தமிழரின் குடியுரிமை பற்றி இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிகுதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, தேயிலை பறித்து இந்த நாட்டுக்குச் சோறு போட்ட மக்களைச் சரக்குப் போலப் பங்கிட்டார்கள். 1948 இல் அந்த மக்களின் குடியுரிமையைப் பறித்த குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து நின்ற சமசமாஜக் கட்சியின் தலைவர்கள் அப்போது அமைச்சரவையில் அமர்ந்திருந்தார்கள். என் பாட்டனாரின் குடும்பம் அந்த 5,25,000 க்குள் போய்விட்டது. ஆகவே அந்த ஆட்சி ஒரு வாக்கால் விழுந்ததற்காக என்னிடம் கண்ணீர் எதிர்பார்க்காதீர்கள்.

செங்கொடி எழுதியது:
உங்கள் குடும்பத்தின் துயரத்தை மதிக்கிறேன். ஆனால் ஆட்சி விழுந்ததால் ஒப்பந்தம் விழுந்ததா? 1965 மார்ச்சில் ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்க பிரதமராக வந்தார், ஒப்பந்தம் அப்படியே இருந்தது. புளத்சிங்களையிலும் மொறட்டுவையிலும் இருவரும் தங்கள் ஆசனங்களை இழந்தார்கள். தொழிலாளர்கள் வழங்கிய தீர்ப்பு அது. மறுபடியும் சொல்கிறேன்: 72க்கு 73. இருக்கையில் அமர்ந்திருந்தால் போதும்.

வடகரை எழுதியது:
இருவர் சண்டையில் தமிழர் எங்கே என்று கேட்கிறேன். 1966 ஜனவரி 8 ஆம் திகதி தமிழின் பயன்பாட்டுக்காக டட்லி அரசாங்கம் கொண்டுவந்த தமிழ்மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்துக் கொழும்பில் ஊர்வலம் போனவர்களில் செங்கொடி அவர்களின் சமசமாஜக் கட்சியும் இருந்தது. டட்லியின் வயிற்றில் மசாலா வடை என்று தமிழரை இழித்து முழக்கமிட்டவர்கள் இப்போது வந்து எட்மண்டுக்கு வர்க்க அரசியல் வகுப்பு எடுக்கிறார்கள்.

செங்கொடி எழுதியது:
உங்கள் தமிழரசுக் கட்சி 1965 இல் அதே டட்லியின் அரசாங்கத்தில் சேர்ந்தது, திருச்செல்வம் அமைச்சரானார். ஐக்கிய தேசியக் கட்சியின் பந்தியில் உண்டவர்கள் எங்கள் ஊர்வலத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

வடகரை எழுதியது:
நான் தமிழரசுக் கட்சிக்காரன் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? சென்ற ஆண்டும் இதே பழியை என் மீது போட்டீர்கள், அதையும் நான் மறக்கவில்லை. கேட்டது மசாலா வடை முழக்கத்தைப் பற்றி, அதற்கு விடை இல்லை.

மலைச்சாரல் எழுதியது:
வடகரை அவர்களே, திருச்செல்வத்தை வேறோர் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பேச்சு டிசம்பர் 3 பற்றியது. ஒப்பந்தம் விழவில்லை என்கிறார் செங்கொடி. அதைக் கையொப்பமிட்ட அரசாங்கத்தின் மீது நம்பிக்கையில்லை என்று சொல்வதற்கு, அது விழுமா விழாதா என்று கணக்குப் பார்த்தா கை தூக்க வேண்டும்? 1963 இல் தொழிற்சங்கங்கள் ஒன்றுகூடி முன்வைத்த 21 கோரிக்கைகளைக் கூட்டரசாங்கத்துக்காகக் கைவிட்டவர்கள் யார்? அமர்ந்திருந்தால் போதும் என்பது அமைச்சர் நாற்காலியில் அமர்ந்தவர்களின் அறிவுரை.

செங்கொடி எழுதியது:
அந்த வீரர்களின் கட்சி என்ன ஆயிற்று என்றும் சொல்லுங்கள். அவர்களோடு வெளியேறிய காரளசிங்கம் 1966 இலேயே தாய்க்கட்சிக்குத் திரும்பினார். 1968 இல் எட்மண்டே அதே கட்சியின் பாலா தம்புவை விட்டுப் பிரிந்து இன்னொரு கட்சி தொடங்கினார். சின்னஞ்சிறு கட்சி, அதற்குள் மூன்று வழி. மிஞ்சியது 74க்கு 73 மட்டும்தான்.

மலைச்சாரல் எழுதியது:
காரளசிங்கம் திரும்பியது உங்களுக்குப் பெருமையாக இருக்கிறதா? 1964 இல் கூட்டரசாங்கத்துக்கு எதிராக அவர் எழுதியதை எடுத்துப் படித்துவிட்டு வாருங்கள். பிளவைப் பற்றிப் பேச எனக்குத் தயக்கம் இல்லை, ஆனால் அதைக் காட்டி அக்டோபர் 30 ஐ மறைக்க விடமாட்டேன். அன்று அமைச்சரவையில் இருந்த மூவரில் யார் பதவி விலகினார்கள்? இதை மூன்று நாட்களாகக் கேட்கிறேன்.

செங்கொடி எழுதியது:
72க்கு 73 என்ற கணக்குக்கு முதலில் நீங்கள் விடை சொல்லுங்கள்.

மலைச்சாரல் எழுதியது:
பெயரைச் சொல்லுங்கள். மூவரில் யார்?