மறுமொழி: மீக்கடின வெட்டுக்கருவிகளை லேசரால் தீட்டுவதற்கு ஒரு சொல்

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

மீக்கடின, அதாவது வைரம்போல மிகக் கடினமான, வெட்டுக்கருவிகளை லேசரால் கூர் செய்யும் வேலைக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை மூன்று கருத்துகள் வந்திருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து ஐயா ஒருவர் ‘ஒளிச்சாணை’ என்றார். சுங்கைப் பட்டாணி ஆசிரியை அம்மா ‘சீரொளிக் கூராக்கம்’ என்றார். ‘லேசர் ஷார்ப்பனிங்’ என்றே இருக்கட்டும் என்றார் தம்பி ஒருவர். நான் நான்காவதாக ஒன்றை வைக்கிறேன்: சீரொளித்தீட்டல். சீரொளி என்றால் லேசர். பேச்சில் லேசர் தீட்டல். காரணத்தைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்காமல் வைத்த பெயர் வேலை செய்கிறவர் வாயில் தங்காது.

> இவ்வளவு நுட்பமான துறைக்குத் தமிழில் சொல் யாருக்குத் தேவைப்படுகிறது?

மலேசியாவில் கூலிமில் இருக்கும் எங்களுக்குத் தேவைப்படுகிறது ஐயா. இது தோட்டங்கள் சூழ்ந்த ஊர். 1996இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்தபின், பெரட்டுக்கு (தோட்டத்தில் விடியற்காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போன குடும்பங்களின் பிள்ளைகள் இயந்திரங்களின் முன்னால் நிற்கிறார்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பிறகு மலாயில் இடைநிலைப்பள்ளி, வேலைக்கு வந்தால் திரையில் ஆங்கிலம். வேலை பழக வருகிற இந்தப் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பிள்ளை தன் கையால் செய்யும் வேலையைத் தன் வீட்டில் அம்மாவிடம் அம்மா மொழியில் சொல்ல முடிய வேண்டும் என்பது என் ஆசை.

எங்கள் பட்டறைக்கு வருபவை பெரும்பாலும் மரப்பலகை அறுக்கும் வட்ட ரம்பங்கள், பலகை விளிம்பு சீவும் கருவிகள். பால்மரம், அதாவது ரப்பர் மரம், இருபத்தைந்து, முப்பது ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்ததும் வெட்டப்படுகிறது. அந்தக் கட்டை அறைகலனாகிறது. சிறு கட்டைகளும் கிளைகளும் நாராக்கப்பட்டு, பசை சேர்த்து அழுத்தப்பட்டு எம்டிஎஃப் பலகையாகின்றன. இந்தப் பலகை பார்க்க மென்மையாக இருக்கும். உள்ளே இறுகிய பசையும் மண் துகளும் கார்பைடு (டங்ஸ்டனும் கார்பனும் சேர்ந்த கடினப் பொருள்) பல்லைச் சீக்கிரம் தேய்த்துவிடும். அதனால்தான் ரம்பத்தின் பல்லில் பிசிடி, அதாவது பல்படிக வைரம், ஒட்டுகிறார்கள். கார்பைடைவிடப் பல மடங்கு காலம் உழைக்கும். ஆனால் அதுவும் மழுங்கும். மழுங்கிய வைரத்தை எதைக் கொண்டு கூர் செய்வது?

இங்கேதான் சொல்லின் சிக்கலே தொடங்குகிறது.

பல்படிக வைரம் தோண்டி எடுத்த கல் அல்ல. டங்ஸ்டன் கார்பைடு வில்லையின்மேல் நுண்ணிய வைரத்தூளைப் பரப்பி, 5 முதல் 6 கிகாபாஸ்கல் அழுத்தத்திலும் ஏறக்குறைய 1400 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் வைத்தால், கார்பைடிலுள்ள கோபால்ட் உருகி மேலேறி வைரத்தூளின் மணிகளுக்கிடையே பாய்கிறது. மணிகள் ஒன்றோடொன்று பிணைகின்றன. வைரப் படலம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவுதான். இந்தக் கோபால்ட்தான் பிறகு எல்லா வம்புக்கும் காரணம். கருவி 700 டிகிரி அளவுக்குச் சூடேறினால் அதே கோபால்ட் வைரத்தைத் திரும்பக் கிராஃபைட்டாக மாற்றத் தொடங்கும். வைரத்தைவிட அதிகமாக விரிவதால் உள்ளுக்குள் விரிசலும் விடும். ஆகவே எந்த முறையில் கூர் செய்தாலும் சூடு உள்ளே இறங்கக் கூடாது.

பழைய முறை வைரச் சக்கரத்தில் சாணை பிடிப்பது. வைரத்தை வைரத்தால் தேய்ப்பதால் சக்கரமும் கரையும். மெல்லிய முனையை அழுத்துவதால் மணி பெயரும். அடுத்தது மின்பொறி முறை. கோபால்ட் மின்சாரம் கடத்துவதால் பொறியால் அரிக்க முடிகிறது. ஆனால் பொறி முதலில் கோபால்ட்டைத் தாக்குகிறது, பிடிமானம் போன மணிகள் உதிர்கின்றன, முனை அந்த மணியின் அளவுக்குச் சொரசொரப்பாகிறது. ஆவியிலிருந்து படிய வளர்த்த வைரம் என்று இன்னொரு வகை உண்டு, அதில் கோபால்ட்டே கிடையாது. சாதாரணமாக அது மின்சாரம் கடத்தாது என்பதால் மின்பொறி அங்கே பயன்படாது.

லேசருக்கு அந்தத் தடையில்லை. தூய வைரம் 1064 நானோமீட்டர் அலைநீள ஒளியைக் கண்ணாடிபோல உள்ளே விட்டுவிடும். ஆனால் போதுமான செறிவோடு விழும் லேசர் ஒளித்துடிப்பு மேற்பரப்பில் மெல்லிய அடுக்கைக் கிராஃபைட்டாக்குகிறது. கிராஃபைட் கறுப்பு, அடுத்த துடிப்பை அது விழுங்கிக்கொள்கிறது, ஆவியாகிறது. அடியில் புதிதாக ஒரு மெல்லிய கறுப்பு அடுக்கு. அதற்கு அடுத்த துடிப்பு. பிகோநொடி (நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) அளவுத் துடிப்பு என்றால் சூடு உள்ளே பரவ நேரமே கிடைக்காது. 10 பிகோநொடியில் ஒளியே 3 மில்லிமீட்டர்தான் ஓடும் என்றால் அந்தப் பொழுதின் சிறுமையை எண்ணிப் பாருங்கள். இத்தகைய குறுந்துடிப்புகளை வலுவாக்கும் வழியை 1985இல் கண்டதற்காகத்தான் டோனா ஸ்டிரிக்லாண்டும் ஜெரார் முரூவும் 2018இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். லேசருக்கும் வைரத்துக்கும் உறவு அதைவிடப் பழையது. தியோடர் மைமன் 1960இல் முதல் லேசரை இயக்கினார். 1965இலேயே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம், கம்பி இழுக்கும் வைர அச்சில் துளையிட லேசரைப் பயன்படுத்திவிட்டது.

இயந்திரத்தினுள் இரண்டு சின்னக் கண்ணாடிகள் அசைந்து ஒளிப்புள்ளியை வரிவரியாக ஓட்டுகின்றன. கருவி ஐந்து அச்சில் திரும்பி முகம் காட்டுகிறது. கற்றை குவியத்தை நோக்கிக் குறுகுவதால் வெட்டிய சுவர் சற்றே சாய்ந்துவிடும். அந்தச் சாய்வுக்கு ஈடாகக் கருவியை முன்கூட்டியே சாய்த்து வைக்க வேண்டும்; பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கக் கடினமான இடம் இதுதான். முடிவில் கிடைக்கும் முனையின் ஆரம் சில மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்துப் பாருங்கள்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன்.

> ஒளிச்சாணை: சுருக்கம், அழகு, கேட்டதும் புரியும்.

அழகு என்பதில் எனக்கும் ஐயமில்லை. சொல்லிப் பார்த்தால் வாய் இனிக்கிறது. ஆனால் சாணை என்றால் உராய்வு; கல்லும் கருவியும் தொட்டால்தான் சாணை. லேசரில் எதுவும் எதையும் தொடுவதில்லை, அழுத்துவதில்லை. இந்தத் தொழிலின் முழுச் சிறப்பே அந்தத் தொடாமையில் இருக்க, பெயரில் உராய்வை வைப்பது தவறான பாடமாகிவிடும். இன்னொரு தடை நடைமுறையானது. வைரச் சாணைச் சக்கரம் அடைத்துக்கொண்டால் அதையே லேசரால் சீர்செய்யும் முறையும் இருக்கிறது. ‘ஒளிச்சாணை’ என்று கையேட்டில் எழுதினால், லேசர் சாணையாக வேலை செய்கிறதா, சாணைக்கு லேசர் வேலை நடக்கிறதா என்று படிக்கிறவர் திணறுவார். தவிர, வெறும் ‘ஒளி’ கூலிமில் போதாது. பூங்காவின் சில்லுத் தொழிற்சாலைகளில் முகமூடி எனும் வடிவத் தகட்டின் வழியே ஒளி பாய்ச்சிச் சுற்றுகளைப் பொறிக்கிறார்கள். அதுவும் ஒளி வேலைதான்.

சீரொளிக் கூராக்கம் பிழையற்ற சொல். அதை நான் தள்ளவில்லை. வேறு இடத்தில் வைக்கச் சொல்கிறேன். கூராக்கம் பொதுப்பெயராக இருக்கட்டும். சாணை பிடித்தல், மின்பொறி அரிப்பு, சீரொளித்தீட்டல் மூன்றும் அதன் கீழ் வரட்டும். கையேட்டின் முதல் அதிகாரத் தலைப்பே ‘மீக்கடினக் கருவிகளின் கூராக்கம்’ என்று வைத்துவிட்டேன், அம்மாவுக்கு நன்றி.

தீட்டல் ஏன்? தோட்டத்தில் பிறந்த எவருக்கும் இந்தச் சொல்லைச் சொல்லித்தர வேண்டாம். பால்வெட்டும் கத்தியைத் தீட்டாமல் யாரும் மரத்துக்குப் போனதில்லை. பட்டையில் மெல்லிய சீவல் மட்டும் வர வேண்டும். ஆழம் போனால் உள்ளே வளர்படலம் காயப்பட்டு மரம் புண்ணாகும். எங்கள் பெரியவர்கள் கூரை வெறும் வேகத்துக்காகத் தேடவில்லை, அளவுக்காகத் தேடினார்கள். வைரப்பல்லில் நாங்கள் தேடுவதும் அளவுதான். சொல்லின் மற்ற பொருள்களும் இங்கே கை கொடுக்கின்றன. ஓவியம் தீட்டுகிறோம், கண்ணுக்கு மை தீட்டுகிறோம். அங்கே தேய்மானமே இல்லை, கோடு கோடாக ஓட்டுவதுதான் இருக்கிறது. கண்ணாடிகள் ஒளிப்புள்ளியை வரிவரியாக ஓட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை. வைரத்தைப் பட்டை தீட்டுவது என்ற வழக்கும் ஏற்கெனவே உண்டு.

> தீட்டு என்றால் விலக்கு என்ற பொருளும் வருமே, கூச்சமாக இருக்காதா?

நியாயமான கேள்வி. ‘லேசர் தீட்டு’ என்று பெயர்ச்சொல்லாக எழுதினால் உறுத்தத்தான் செய்யும். அதனால் பெயராக வரும்போது எப்போதும் தீட்டல். வினையாக வரும்போது தீட்டினான், தீட்டணும், தீட்டியாச்சு. இந்த வடிவங்களில் அந்தப் பொருள் யாருக்கும் நினைவுக்கு வராது. பட்டறையில் மூத்தவர்கள், பெண்கள் என எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

சொல் கிளைக்கவும் வேண்டும். தீட்டுகோணம், தீட்டுவேகம், மறுதீட்டல், முன்தீட்டல், இயந்திரத்துக்குச் சீரொளித்தீட்டி. நுண்ணிய நீர்த்தாரைக்குள் ஒளியைச் செலுத்தி வெட்டும் முறை ஒன்று உண்டு, 1993இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தது. அதை நீர்வழிச் சீரொளித்தீட்டல் எனலாம். எழுதும்போது த் சேர்த்து எழுதுகிறேன்: சீரொளியால் தீட்டல் என்று விரியும். லேசர் தீட்டல் என்பதை இரண்டு சொல்லாகவே விடலாம்.

ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்ற தம்பிக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். லேசர் என்பதை நானும் விடவில்லை, அது எல்லார் வாயிலும் இருக்கிறது. ஆனால் ‘ஷார்ப்பனிங்’ இங்கே யார் வாயிலும் இல்லை தம்பி. பட்டறையில் ‘அசா பண்ணு’ என்பார்கள், இல்லாவிட்டால் ‘லேசர் அடி’ என்பார்கள். அசா மலாய், கல்லில் தீட்டுவதற்கும் அதே சொல். ‘லேசர் அடி’ என்பதோ தகட்டில் பெயர் பொறிப்பதற்கும் வெட்டுவதற்கும் சேர்த்துச் சொல்வது. மேலாளர் ‘அந்தப் பல்லுக்கு லேசர் அடிச்சிட்டியா’ என்றால், வரிசை எண் பொறித்தாயா, முனையைக் கூர் செய்தாயா என்று இரண்டு பொருள் வருகிறது. விலையுயர்ந்த வைரப்பல்லில் அந்தக் குழப்பம் கூடாது.

துணைச் சொற்கள் சில. வெட்டும் விளிம்புக்கு வெட்டுவாய். கத்தியின் கூர்ப்பக்கத்தை வாய் என்பது பழைய வழக்கு, இதை விடக் கூடாது. விக்கர்ஸ் கடினம் (வைர முனையை அழுத்திப் பார்த்து அளக்கும் கடினம்) 40 கிகாபாஸ்கலைத் தாண்டியவற்றுக்கு மீக்கடினப் பொருள்; வைரமும், 1957இல் ராபர்ட் வென்டார்ஃப் உருவாக்கிய கனசதுர போரான் நைட்ரைடும் இதில் அடங்கும். கடினப்படுத்திய எஃகை வெட்டப் பின்னதுதான் வேண்டும். சூட்டில் வைரத்தின் கார்பன் இரும்பில் கரைந்துவிடும். பல்படிக வைரம் என்பதில் ரம்பப் பல் என்ற மயக்கம் வருகிறது, பன்படிகம் ஆக்கலாமா என்று எனக்கும் ஓர் எண்ணம் வந்தது. ஆனால் பல்படிகம் ஏற்கெனவே வழங்குகிற சொல், அசைக்க வேண்டாம்.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஒன்றுதான். துடிப்பு விழுந்து அடுக்கு ஆவியாகி அகல்கிறதே, அந்தச் செயலுக்கு மட்டும் ஒரு சொல் வேண்டும். ஒளியரிப்பு சரிவராது, மின்பொறி அரிப்போடு குழம்பும், அரிப்பு என்றதும் துருவும் நினைவுக்கு வரும். ‘ஆவிநீக்கம்’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் அது ஆவியை நீக்குவதுபோல் ஒலிக்கிறது. ‘ஆவியாக்கி அகற்றல்’ நீளம். கையேடு அச்சுக்குப் போவதற்குள் இதை முடிக்க வேண்டும். பரிந்துரைப்பவர்கள் சொல்லைத் தனியாக அனுப்பாமல், இயந்திரத்தின் முன் நிற்கும் ஒருவர் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வதுபோல ஒரு வாக்கியத்தில் வைத்து அனுப்பினால் எனக்குப் பெரிதும் உதவும்.

அன்புடன்,
கூலிம், கெடா