பீசி 200: வலது செயின் அடிக்கடி கழலுது, ஸ்ப்ரொக்கட் மட்டும் மாத்தினா போதுமா?

பொகவந்தலாவை பெக்கோ:

வணக்கம். மெஷின் ரீகண்டிஷன் கொமட்சு பீசி 200, மண் தோண்டுற பெக்கோ. செயின்ல பக்கத்துக்கு 45 ஷூ (தரையில படுற தகடு), ஷூ அகலம் 600 மி.மீ. தோட்டத்து ரோட்டை அகலப்படுத்துற வேலை. மேலே செம்மண், ஒரு முழத்துக்குக் கீழே கல்லு. வேலை ஒரே முனையில இருந்து போறதால பள்ளம் எப்பவும் வலது பக்கம்.

வலது செயின் வாரத்துக்கு ரெண்டு தரம் ஐட்லர்ல (முன்னால இருக்கிற சில்லு) இருந்து கழலுது, அதுவும் முடக்குல திருப்பும்போது மட்டும். கிறீஸ் அடிச்சு இறுக்கினா ரெண்டே நாள்ல திரும்பத் தொங்குது. ஸ்ப்ரொக்கட் (பின்னால செயினை இழுக்கிற பல்லுச் சில்லு) பல்லு நுனி கூராகிட்டு. அந்தப் பக்கம் மேல் ரோலர் ஒண்ணு சுத்துறதில்ல.

ஸ்ப்ரொக்கட் மட்டும் புதுசு போடலாமா? ஒரு லிங்க்கைக் கழட்டிட்டா இன்னும் ஒரு வருஷம் ஓடும்னு பாஸ் (மெக்கானிக்) ஒருத்தர் சொல்றார். கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகள்ல ஒரே சாமான் மூணு விலையில இருக்கு. எதைப் பார்த்து வாங்குறது?

டேப்பும் சோக்கட்டியும்:

காசை எடுக்க முன்னாடி டேப்பை எடுங்க தம்பி. பல்லு கூராகிறதுக்குப் பெரும்பாலும் செயின்தான் காரணம். இந்த மெஷின்ல ஒரு பின்னோட நடுவுல இருந்து அடுத்த பின்னோட நடு வரைக்கும் புதுசுல 190 மி.மீ. உள்ளுக்குள்ள பின்னும் அதைச் சுத்தி இருக்கிற புஷ்ஷும் தேயத் தேய அந்த இடைவெளி நீளும். நீண்ட செயின்ல புஷ் பல்லோட அடியில போய் உட்காராது. சரிவுல ஏறி நுனியைத் தின்னும். அதுல புது ஸ்ப்ரொக்கட்டைப் போட்டா புதுப் பல்லையும் அதே மாதிரி சில நூறு மணித்தியாலத்துல தின்னுடும்.

அளக்குற விதம் இது. சமதரையில நிறுத்துங்க. மேல் பக்கம் செயின் ஸ்ப்ரொக்கட்டைத் தொடுற இடத்துல பல்லுக்கும் செயினுக்கும் நடுவுல பழைய பின் ஒண்ணை வச்சு, மெதுவா ஒரு சாண் பின்னால எடுங்க. மேல் செயின் விறைச்சு நிக்கும். இப்ப ஒரு பின்னோட ஓரத்துல இருந்து, அதை விட்டு எண்ணி நாலாவது பின்னோட அதே பக்க ஓரம் வரைக்கும், அதாவது நாலு லிங்க், அளந்து எழுதுங்க. புதுசுல 760 மி.மீ. வரணும். 775ஐ எட்டினா அந்தச் செயின் முடிஞ்சது. மாஸ்டர் பின் (செயினைப் பிரிக்கக் கழட்டுற பின்) இருக்கிற இடத்தை விட்டுட்டு பக்கத்துக்கு மூணு இடத்துல அளங்க. டேப் தொங்கக் கூடாது. சோக்கட்டியால குறி போட்டா ரெண்டு தரம் அளந்தாலும் ஒரே கணக்கு வரும்.

அடுத்தது தொய்வு. மெஷினை அதோட நீளத்துக்கு முன்னால ஓட்டி, பிரேக் பிடிக்காம நிக்க விடுங்க. ஐட்லருக்கும் முன் மேல் ரோலருக்கும் மேலால நேரான சட்டம் ஒண்ணை வைங்க. நடுவுல சட்டத்துக்கும் ஷூவுக்கும் இடைவெளி 10 முதல் 30 மி.மீ. வரைக்கும் இருக்கலாம். ஷூவோட வரப்பு உயரத்தையும் பாருங்க. புதுசுல 26 மி.மீ., 16க்குக் கீழே போனா ஷூ வளைய ஆரம்பிக்கும்.

ஹட்டன் கராஜ்:

லிங்க் கழட்டுற கணக்கைப் போட்டே பார்த்துடுவோம். ஒரு பிட்ச் (பின்னுக்குப் பின் இடைவெளி) ஏறக்குறைய 4 மி.மீ. நீண்டா செயின் முடிஞ்ச மாதிரி. 45 லிங்க்கும் 4 மி.மீ. நீண்டா மொத்தம் 180 மி.மீ. செயின் மேலேயும் கீழேயும் போறதால ஐட்லர் அதுல பாதி, 90 மி.மீ., முன்னால போய் நிக்கும். ஒரு லிங்க்கை எடுத்தா 190 குறையும், ஐட்லர் 95 மி.மீ. பின்னால வரும். ஆக, ஐட்லர் ஒரு லிங்க் எடுக்கிற அளவுக்கு முன்னால வந்திருந்தா ஒவ்வொரு பிட்ச்சும் அதோட எல்லையைத் தொட்டிருக்கும். லிங்க்கை எடுத்தா தொய்வு மறையும், பிட்ச் மறையாது. பாஸ் சொன்ன அந்த ஒரு வருஷத்துல ஸ்ப்ரொக்கட்டோட புது செயினுக்கும் சேர்த்துக் காசு போகும்.

உங்க மெஷின்ல எனக்கு இடிக்கிறது வேற விஷயம். ரெண்டு நாள்ல எந்தச் செயினும் கண்ணுக்குத் தெரியிற அளவுக்கு நீளாது. அடிச்ச கிறீஸ் எங்கேயோ வெளிய போகுது. ஒண்ணு, கிறீஸ் வால்வு சரியா மூடலை. இல்லைன்னா டென்ஷன் சிலிண்டரோட (கிறீஸ் அடிச்சா ஐட்லரை முன்னால தள்ளுறது) சீல் போயிருக்கு. டிராக் ஃபிரேமுக்குள்ள ஐட்லர் முட்டிக்குப் பின்னால டோர்ச் அடிச்சுப் பாருங்க. புதுக் கிறீஸ் வழிஞ்சிருந்தா சீல்.

தளர்த்துறப்போ வால்வை ஒரு சுத்துக்கு மேல திறக்கவே வேணாம். உள்ள இருக்கிற அழுத்தத்துல வால்வே துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். முகமும் கையும் நேரே இருக்கக் கூடாது. பின்னால இருக்கிற பெரிய ஸ்பிரிங்கை ரோட்டோரத்துல கழட்டவும் கூடாது. அது டன் கணக்குல அமுக்கி வச்சது, பிரஸ் உள்ள இடத்துல மட்டுந்தான் கழட்டணும். சிலிண்டர் சீல் மாத்த ஸ்பிரிங்கைத் தொடத் தேவையில்ல.

முடக்குல மட்டும் கழலுதுன்னா ஐட்லரோட பக்க ஆட்டத்தையும் பாருங்க. அலவாங்கை ஐட்லருக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல குடுத்து நெம்பிப் பாருங்க. சில மில்லி ஆடலாம். ஒரு விரல் கனம் ஆடினா கைட் பிளேட் தேஞ்சிருக்கு. ஷிம் வச்சோ பிளேட் மாத்தியோ நேராக்கணும். அதோட கீழ் ரோலர் விளிம்பு, ஐட்லர் நடு விளிம்பு, செயினுக்கான கார்ட் வளைஞ்சிருக்கா, எல்லாத்தையும் ஒரே தரத்துல பார்த்துடுங்க.

பொகவந்தலாவை பெக்கோ:

அளந்தாச்சு. வலது 772, 771, 772. இடது மூணு இடத்துலயும் 766. வலது தொய்வு 60 மி.மீ. சிலிண்டர் வாயில கிறீஸ் வழிஞ்சு காஞ்சு கிடக்கு. ஐட்லர் அலவாங்குக்கு ஒரு விரல் ஆடுது. கீழ் ரோலர் ஏழுல முன்னால இருக்கிற ஒண்ணுல எண்ணெய் கசிவு.

டேப்பும் சோக்கட்டியும்:

772ன்னா பிட்ச் 193. முக்கால்வாசி ஆயுள் போச்சு. இடது 191.5, பாதி கூடப் போகலை. பள்ளத்துப் பக்கச் செயின்ல பாரம் கூட விழுது, அதனாலதான் இந்த வித்தியாசம்.

என் கணக்குப்படி இப்ப ஸ்ப்ரொக்கட் வாங்க வேணாம். வலதுல பழைய செயினும் பழைய ஸ்ப்ரொக்கட்டும் ஒண்ணுக்கொண்ணு பழகிப்போச்சு. 775 வரைக்கும் சேர்ந்தே ஓடட்டும், அப்புறம் ரெண்டையும் ஒரே நாள்ல மாத்துங்க. இப்ப செலவு பண்ண வேண்டிய இடம் மூணுதான்: சிலிண்டர் சீல், ஐட்லர் கைட், அந்த ரெண்டு ரோலர் (கசியிற கீழ் ரோலரும் சுத்தாத மேல் ரோலரும்). கழல்றது நிக்கும். பல் நுனி உடைஞ்சோ, புஷ் பல்லைத் தாவி டக்குனு அடிச்சோ ஓடினா மட்டும் காத்திருக்க வேணாம்.

இன்னொண்ணு, வேலையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எதிர் முனையில இருந்து எடுக்க முடியுமான்னு பாருங்க. பள்ளம் இடது பக்கம் வந்தா தேய்மானம் பங்கு பிரியும். செலவே இல்லாத வழி.

ஹட்டன் கராஜ்:

ரோலர்ல ஒரு எச்சரிக்கை. தேஞ்ச ஆறு ரோலருக்கு நடுவுல புதுசு ஒண்ணு வந்தா அது மட்டும் உயரமா நிக்கும், பாரம் எல்லாம் அதுல விழும். முன் ரோலரும் பின் ரோலரும்தான் அதிகம் அடி வாங்குறது. அதனால தேய்மானம் ஒத்த பழைய நல்ல ரோலர் கிடைச்சா இந்தச் செயின் முடியும் வரைக்கும் அதுவே போதும். புதுசுன்னா செயின் மாத்துறப்போ மொத்தமாப் போடுங்க.

மேல் ரோலர் சுத்தலைன்னா முதல்ல கழட்டாம மம்பட்டியால மண்ணைச் சுரண்டிப் பாருங்க. நம்ம செம்மண் ராத்திரியில இறுகிக் காலையில ரோலரைப் பிடிச்சு வச்சிருக்கும். செயின் அதுமேல வழுக்கி ஒரு பக்கத்தைத் தட்டையாக்கும். தட்டை விழுந்திருந்தா மாத்தத்தான் வேணும். விழலைன்னா தினம் வேலை முடிஞ்சதும் சுரண்டினா போதும்.

பதுளை இரும்பு:

சாமான் வாங்குற கேள்விக்கு வர்றேன். பெட்டியில ஒட்டின ஸ்டிக்கரை வச்சு முடிவு எடுக்க வேணாம், பேர் பெற்ற மார்க்கிலயும் போலி இருக்கு. நல்ல லிங்க் அச்சுல அடிச்ச போரான் எஃகு. ரோலர் ஓடுற மேல் முகத்தை மின் சூட்டுல காய்ச்சிக் கடினமாக்கியிருப்பாங்க. மட்டமான சாமான்ல இந்தக் கடினம் தோல் மாதிரி மெல்லிசாத்தான் இருக்கும். அது தேயும் வரைக்கும் ரெண்டும் ஒரே மாதிரி ஓடும், அப்புறம் கிடுகிடுன்னு இறங்கும். அதனால ஆரம்பத்துல நல்லா ஓடுதுங்கிற சாட்சி ஒண்ணுக்கும் உதவாது.

கடையில செய்யக்கூடிய சோதனை அரம். புது அரத்தை லிங்க்கோட மேல் முகத்துல ஓரமா இழுங்க. வழுக்கிட்டுப் போகணும். கடிச்சுத் தூள் விட்டா அந்தச் செயினை அங்கேயே விட்டுட்டு வாங்க. ஸ்ப்ரொக்கட் பல்லிலயும் ரோலர் ஓட்டத்திலயும் இதே சோதனை. ஆழம் எவ்வளவுன்னு அரம் சொல்லாது, அதுக்குத்தான் வாரண்டியை மணித்தியாலத்துல எழுதித் தரச் சொல்றது. மாசத்துல எழுதினதை நம்பி மலைநாட்டுல வேலை செய்ய ஏலாது.

ரோலரைக் கையால சுத்துங்க. சீரான இறுக்கத்தோட திரும்பணும். லொடலொடன்னு சுத்தினா உள்ள எண்ணெயோ சீலோ சரியில்ல. செயின்ல பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல கிறீஸ் அடைச்சுச் சீல் வச்சதையே கேளுங்க. நம்ம மழையில காய்ஞ்ச செயின் போட்டா மணலும் தண்ணியும் சேர்ந்து உள்ளயே அரைக்கும்.

கீழே கல்லுன்னு சொல்றீங்க. அடுத்த தரம் 500 மி.மீ. ஷூவை யோசிங்க. அகல ஷூவோட ஓரம் கல்லுமேல ஏறினா நெம்புகோல் மாதிரி லிங்க்கையும் பின்னையும் முறுக்கும். சேறு அதிகமான இடத்துக்குத்தான் 700, 800. தேஞ்ச பல்லுல வெல்டிங் வச்சு நிரப்புற வேலைக்கு மட்டும் போயிடாதீங்க. சூட்டுல காய்ச்சின கடினம் போயிடும். ரோலரை மெஷின்ல வச்சே வெல்ட் பண்ணினா உள்ளே ரப்பர் வளையமும் கருகும்.

வட்டவளை மழை:

ஒண்ணை யாரும் சொல்லலை. மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் மேற்குச் சரிவுல ஈர மண் ஸ்ப்ரொக்கட் பல்லுக்கு நடுவுல அடைஞ்சு செயினைத் தானா இறுக்கும். கழுவிட்டு 10 மி.மீ.க்கு இறுக்கினா மறுநாள் சேத்துல அது கம்பி மாதிரி விறைக்கும். அதனால தொய்வை வேலை நடுவுல, மண்ணோட அளங்க, 30 பக்கமே வைங்க. கழுவுறது ரோலருக்காக, அளவுக்காக இல்ல.

லோ பெட் (மெஷின் ஏத்துற நீள லொறி) முடக்கு திரும்பாதுன்னு மெஷினை அஞ்சு கிலோமீற்றர் நடத்திக் கொண்டு போறதும் செயினைத் தின்னுற வேலைதான். ஏத்தத்துல ஐட்லர் முன்னால, முயல் கியர் வேணாம், ஆமைக் கியர்லயே போங்க. அரை மணிக்கு ஒருக்கா நிறுத்தி ரோலரைத் தொட்டுப் பாருங்க, கை வைக்க முடியலைன்னா ஆற விடுங்க. பின்னால நீள ஓட்டம் ஓட்டாதீங்க. முன்னால போறப்போ ஸ்ப்ரொக்கட் கீழ்ப் பக்கச் சின்னத் துண்டைத்தான் இழுக்குது. பின்னால போறப்போ ஐட்லரைச் சுத்தி மேல் செயின் முழுக்கப் பாரத்துல வரும், அத்தனை புஷ்ஷும் தேயும்.

2025 நவம்பர் டிட்வா புயலுக்குப் பிறகு சரிவு மண் அள்ளுற இடங்கள்ல முள்ளுக்கம்பியும் கூரைத் தகரமும் கலந்தே வருது. கம்பி ஒரு சுத்து ரோலர் ஓரத்துல சுத்திக்கிட்டா சீலை அறுத்துடும். அந்தி நேரம் ஒரு தரம் குனிஞ்சு பார்த்து வெட்டி எடுங்க.

பொகவந்தலாவை பெக்கோ:

நன்றி அண்ணன்மார். சீலும் கைட்டும் இந்தக் கிழமையே. 775 வந்தப்புறம் செயினைத் தளத்திலேயே கழட்ட முடியுமா?

ஹட்டன் கராஜ்:

முடியும், சமதரையா இருந்தா. மத்தப் பின்னுல இருந்து வித்தியாசமா முனையில குழி வச்சது மாஸ்டர் பின். அதை ஐட்லருக்கு முன்னால கொண்டு வந்து நிறுத்துங்க, கீழே மரக்கட்டை. வால்வைத் தளர்த்துங்க, அந்த ஷூவைக் கழட்டுங்க, கையடக்க ஹைட்ரோலிக் பிரஸ்ஸால பின்னைத் தள்ளுங்க. சம்மட்டியால அடிச்சா கடினமான பின் சில்லுச் சில்லாத் தெறிக்கும், கண்ணு போகும். பின் வெளிய வர்ற நேரம் செயின் விழும், முன்னால ஆள் நிக்கக் கூடாது.

மாட்டும்போது ஷூ போல்ட் 490 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கி, அதுக்கு மேல 120 பாகை. பக்கத்துக்கு 180 போல்ட், ஒண்ணையும் விடாதீங்க. 10 மணித்தியாலம் ஓடினதும் திரும்ப ஒரு சுத்துப் பாருங்க.