அல்ஹம்ப்ராவுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

வெள்ளவத்தை_பெடியன்:
யூலையில் அம்மாவும் நானும் ஸ்பெயின் போகிறோம், விசா கைக்கு வந்துவிட்டது. கிரனாடாவில் அல்ஹம்ப்ரா பார்க்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, சீகிரியாக் குன்றில் சிங்கப் பாதம் வரை ஏறிவிட்டு, மேலே போகாமல் திரும்பியவர். இதுவும் மலைமேல் கோட்டை என்கிறார்கள், சமாளிப்பாரா? டிக்கெட் அங்கே போய் எடுக்கலாமா?

தெஹிவளை_அக்கா:
தம்பி, அங்கே போய் எடுக்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள், யூலையில் எல்லாம் முன்னமே விற்றுவிடும். இணையத்தில் வாங்கும்போது கடவுச்சீட்டு இலக்கம் கேட்பார்கள், போகும்போது அதையும் கொண்டுபோங்கள். உள்ளே இருக்கிற நஸ்ரிட் அரண்மனைகளுக்கு, அதாவது முஸ்லிம் அரசர்கள் வாழ்ந்த பகுதிக்கு, டிக்கெட்டில் ஒரு நேரம் போட்டிருக்கும், அது தவறினால் உள்ளே விடமாட்டார்கள், அதனால் மற்றதையெல்லாம் அந்த நேரத்தைச் சுற்றித்தான் ஒழுங்குபண்ண வேண்டும். காலை நேரமே எடுங்கள். யூலை மத்தியானம் 35 பாகை சாதாரணம், ஆனால் கொழும்பு மாதிரி வியர்த்து ஊற்றாது, தண்ணீர் குடிக்கிற நினைப்பே வராது.

மருதானை_ஊர்சுற்றி:
கீழே நகரத்தில் உள்ள பிளாசா நுவேவா சதுக்கத்திலிருந்து நடந்தால் நல்ல ஏற்றம். மரநிழல் இருக்கிறதுதான், ஆனாலும் அம்மாவுக்கு வேண்டாம், சி30 சின்ன பஸ் மேலேயே கொண்டுபோய் விடும். படிகள் கூடுதலாக இருப்பது அல்கசாபாவில், அதாவது காவல் கோட்டைப் பகுதியில். அங்கே நீங்கள் மட்டும் வேலா கோபுரம் ஏறுங்கள், ஊர் முழுக்கத் தெரியும். அம்மா அதுவரை ஐந்தாம் சார்ல்ஸ் அரண்மனையில் இருக்கலாம், அதற்கு டிக்கெட்டே தேவையில்லை. 1492இல் கடைசி முஸ்லிம் அரசர் போப்தில் நகரத்தைக் கத்தோலிக்க அரசர்களான இசபெல்லா, பெர்டினாண்ட் தம்பதியிடம் ஒப்படைத்த பிறகு, அவர்களின் பேரன் நடுவில் கொண்டுவந்து கட்டிய கட்டடம் அது. எனக்கென்றால் அந்த இடத்தில் அது பொருந்தவே இல்லை, ஆனால் வட்ட முற்றத்தைச் சுற்றி நல்ல நிழல்.

அப்புறம், சீகிரியாவில் பாதம் மட்டும்தானே பார்த்தார், இங்கே நஸ்ரிட் அரண்மனை முற்றத்தில் ஊற்றைச் சுமக்கிற 12 சிங்கத்தையும் முழுசாக, அவ்வளவு படி ஏறாமலே பார்க்கலாம்!

கொட்டாஞ்சேனை_குழாய்:
அந்தச் சிங்க ஊற்றுக்குத் தண்ணீர் எப்படி வந்தது என்று கவனியுங்கள். பம்பு ஒன்றும் இல்லாத காலம், தாரோ ஆற்றின் மேற்பக்கத்தில் மறித்து, மலைச்சரிவோடு கால்வாய் வெட்டி, சரிவாலேயே ஓடவிட்டார்கள். அந்தக் கால்வாய் ஹெனராலிஃபே தோட்டத்துக்கும் போகிறது.

வெள்ளவத்தை_பெடியன்:
நன்றி அக்கா, அண்ணா. ஹெனராலிஃபே நடை தூரமா?

தெஹிவளை_அக்கா:
கொஞ்சம் தூரம்தான். வாசலுக்குப் பக்கத்தில் இருப்பதால் அதை முதலில் பாருங்கள், ஆனால் அரண்மனை நேரத்துக்கு முன் நடந்து போகத் தாராளமாக நேரம் வையுங்கள்.